சத்தம் போடாத கணிப்பொறி

நமது மன்றத்தின் புதுமுக மாணவர் வரவேற்பு முடிந்து, வடையும் காப்பியும் தீர்ந்த பிறகு, முதலாண்டுத் தம்பி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

“அண்ணா, கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். அப்பா கொஞ்சம் பணம் தந்திருக்கிறார். விடுமுறையில் டியூஷன் எடுத்துச் சேர்த்தது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அது சத்தம் போடக் கூடாது. அறையில் இன்னொருவரும் இருக்கிறார்.”

“அவர் என்ன படிக்கிறார்?”

“எம்.ஏ. வரலாறு. ராத்திரி இரண்டு மணி வரை படிப்பார், அண்ணா.”

தம்பியின் கேள்வி என் பழைய நினைவு ஒன்றைக் கிளறிவிட்டது. இரண்டாம் ஆண்டில் நானும் ஒரு கணிப்பொறி வாங்கினேன். கடைக்காரர் காட்டிய கண்ணாடிப் பெட்டியையும் அதனுள் ஏழு நிறத்தில் சுழன்ற விளக்குகளையும் பார்த்து மயங்கினேன். விலைப் பட்டியலில் எந்த எண் பெரிதாக இருந்ததோ அதையே தேர்ந்தேன். விடுதிக்குக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்கிய பத்தாவது நிமிடம், வீட்டில் மாவாட்டும் கிரைண்டரை அறைக்குள் வைத்தாற்போல இரைச்சல் எழுந்தது. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எனக்குத் தொல்லை தீர்ந்தது.

என் அறைத்தோழர் பீகாரைச் சேர்ந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, ஜனவரி இரவொன்றில் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போனேன். தாழ்வாரத்து விளக்கின் கீழ், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து அவர் படித்துக்கொண்டிருந்தார். தில்லிக் குளிர் எப்படிப்பட்டதென்று நம் மன்றத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “உள்ளே சத்தமா?” என்று கேட்டேன். “பரவாயில்லை, பாயி” என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. கணிப்பொறியின் ஓசையைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது மறுநாள்தான்.

அப்படிப் படித்தும், கையைச் சுட்டுக்கொண்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஓசை எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறி கணக்கிடும்போது ஓசை எழுவதில்லை. சிலிக்கன் சில்லுக்குள் அசைவது எதுவும் இல்லை. ஆனால் அது உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற விசிறிகள் வேண்டும். விசிறி சுழன்றால் காற்று கிழிபடும். காற்று கிழிபட்டால் ஓசை பிறக்கும். ஆகவே இரைச்சலின் தாய் வெப்பம். வெப்பத்தின் தாய் வாட்.

ஒரு கிராபிக்ஸ் கார்டு 115 வாட்டும், பிராசசர் 76 வாட்டும், ஏனைய உறுப்புகள் ஏறத்தாழ 50 வாட்டும் உண்பதாகக் கொள்வோம். மொத்தம் 240 வாட் அளவில் வரும். குளிர்காலத்தில் நாம் பயன்படுத்தும் 1000 வாட் ரூம் ஹீட்டரில் இது ஏறக்குறைய கால் பங்கு. 320 வாட் உண்ணும் கார்டை வாங்கி, பிராசசருக்கு 150 வாட் கொடுத்தால், அரை ஹீட்டருக்கு மேல் ஒரு சிறு பெட்டிக்குள் எரிகிறது என்று பொருள். அதை எந்த விலையுயர்ந்த விசிறி வைத்தும் ஓசையின்றி வெளியேற்றுதல் அரிது.

இதிலிருந்து முதற் பாடம் கிடைக்கிறது. அமைதி என்பது கடையில் தனியே கிடைக்கும் சரக்கு அன்று. “சைலன்ட்” என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதால் அமைதி வந்துவிடாது. குறைந்த வாட்டில் தேவையான வேலையைச் செய்யும் உறுப்புகளைத் தேர்ந்தாலே பாதி அமைதி கிட்டிவிடும். சிக்கனக்காரனுக்கு இது நற்செய்தி. ஏனெனில் குறைந்த வாட் உறுப்புகள் பெரும்பாலும் குறைந்த விலை உறுப்புகளாகவும் இருக்கின்றன.

விசிறிக் கணக்கு

இனி மற்றப் பாதி. ஓசையை டெசிபல் என்னும் அளவால் குறிக்கிறோம். அமைதியான படுக்கையறை 30 டெசிபல் அளவில் இருக்கும். இருவர் இயல்பாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு இரைச்சலாகத் தோன்றும்.

விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகக் குறையும். ஆனால் ஓசை அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும் என்பது பொறியாளர் கையாளும் விதி. ஒரே அளவான இன்னொரு விசிறியைப் பக்கத்தில் சேர்த்தால் ஓசை கூடுவதோ 3 டெசிபல் மட்டுமே.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு விசிறி முழு வேகத்தில் தள்ளும் காற்றை, இரண்டு விசிறிகள் பாதி வேகத்தில் தள்ளிவிடும். ஓசையோ பதினைந்து இறங்கி மூன்று ஏறி, மொத்தம் 12 டெசிபல் குறைகிறது. விசிறி கூடினால் சத்தம் கூடும் என்று நாம் நினைப்பது தவறு. ஒருவரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மூச்சு வாங்கும். இருவர் பிடித்து மெல்ல நடந்தால் பேச்சுக்கொடுத்துக்கொண்டே போகலாம்.

பெரிய விசிறிக்கும் இதே நியாயம் பொருந்தும். 80 மில்லிமீட்டர் விசிறி பதறிப் பதறிச் சுழன்று செய்யும் வேலையை, 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி நிதானமாகச் செய்துவிடும். மெலிந்த கேமிங் லேப்டாப்கள் ஏன் அலறுகின்றன என்பதும் இதனால் விளங்கும். அவற்றில் பெரிய விசிறிக்கு இடமே இல்லை.

கிராபிக்ஸ் கார்டு

விளையாட்டுக் கணிப்பொறியில் மிகுதியான பணத்தையும் மிகுதியான மின்சாரத்தையும் உண்பது இதுதான். இங்கே தவறினால் வேறெங்கும் ஈடுசெய்ய முடியாது.

முதலில் நம் திரையைப் பார்க்க வேண்டும். விடுதி மாணவர் பலரிடம் இருப்பது 1080 பிக்சல் உயரமுள்ள சாதாரண மானிட்டர். அதற்கு 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 போதும். அதன் மின்தேவை 115 வாட். நினைவகம் 8 ஜிபி. 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 அதற்குச் சற்றுக் கீழே நிற்பது; 132 வாட். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட். இவற்றுக்கு எதிராக, 2020-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3080 கேட்பது 320 வாட். பழைய சந்தையில் அது மலிவாகக் கிடைத்தாலும், அதனோடு பெரிய பவர் சப்ளையையும் பெரிய இரைச்சலையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பதை மறக்கலாகாது.

8 ஜிபி நினைவகம் புதிய ஆட்டங்கள் சிலவற்றுக்குப் போதாமல் போவதும் உண்மை. அங்கே படத்தின் நுணுக்கத்தை ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். 12 ஜிபி வேண்டுமென்றால் 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கிறது. அதற்கு 170 வாட், சமாளிக்கக் கூடியதே.

ஒரே சில்லைப் பல நிறுவனங்கள் பலவிதமாகக் கட்டி விற்கின்றன. ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டை விட, கனமான அலுமினியத் தகடுகளும் இரண்டு விசிறிகளும் கொண்டதைத் தேர்க. விலை வேறுபாடு சிறிது. காதுக்கு வேறுபாடு பெரிது. இன்று வரும் கார்டுகள் பலவற்றில், ஆட்டம் இல்லாத நேரம் விசிறி அடியோடு நின்றுவிடும் வசதி உண்டு. கடையில் அதைக் கேட்டறிந்து வாங்குதல் நன்று.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. கிரிப்டோ நாணயம் எடுக்கப் பயன்பட்ட கார்டுகள் இரவு பகலாக மாதக்கணக்கில் ஓடியவை. அவற்றின் விசிறித் தாங்கிகள் தேய்ந்து கடகடக்கும். ஓட்டிக் காட்டச் சொல்லி, காதைக் கொடுத்துக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்.

பிராசசரும் அதன் கூலரும்

நம் தேவைக்கு ஆறு கோர் கொண்ட பிராசசர் போதுமானது. 2022-இல் வந்த ரைசன் 5 5600, 65 வாட் வகையைச் சேர்ந்தது; முழு வேலையிலும் 76 வாட்டைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தப்பட்டது. கொஞ்சம் கூடுதல் பணம் இருந்து, பிற்காலத்தில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் வேண்டுமென்றால் 2023-இல் வந்த ரைசன் 5 7600 உண்டு. அதன் உச்சம் 88 வாட். இன்டெல் வழியில் போவோருக்கு கோர் ஐ5 12400எஃப் நல்ல துணை. அதன் மேல் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் உச்சத்தில் 117 வாட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. ஆகவே பெட்டியில் எழுதிய எண்ணை மட்டும் நம்பாமல், உச்ச எண்ணையும் கேட்க வேண்டும்.

5600-உடன் ஒரு சிறு கூலரை இலவசமாகத் தருகிறார்கள். அது பிராசசரைக் காக்கும். நம் காதைக் காக்காது. இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் டவர் கூலர் ஒன்றைச் சேர்த்தால், இந்தக் கட்டுரை முழுவதிலும் அதைவிடப் பயன் தரும் செலவு வேறில்லை.

டவர் கூலரில் வளைந்து நிற்கும் செப்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் கம்பிகள் அல்ல. காற்று நீக்கி மூடிய குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கிறது. அழுத்தம் குறைவாதலால் அந்நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிறது. ஆவி மேலே தகடுகளிடம் சென்று, வெப்பத்தை அங்கே விட்டு, மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பூச்சின் வழியே கீழே வந்து சேர்கிறது. மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை, ஓசையும் இல்லை. வெப்பம் அகன்ற தகடுகளில் பரவிவிடுவதால் 120 மில்லிமீட்டர் விசிறி மெல்லச் சுழன்றாலே போதும். வாங்குமுன் கூலரின் உயரமும் பெட்டியின் அகலமும் ஒத்துவருமா என்று அளந்து கொள்க.

நீர்க் குளிர்ப்பான் நமக்கு வேண்டியதில்லை. அதில் விசிறியோடு பம்பும் ஓடுகிறது. 76 வாட் பிராசசருக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

பெட்டியும் பவர் சப்ளையும்

கடையில் பணம் போதவில்லை என்றவுடன் முதலில் கைவைப்பது இந்த இரண்டிலும்தான். ஏனெனில் ஆட்டத்தின் வேகத்தை இவை கூட்டுவதில்லை. நான் ஏமாந்ததும் இங்கேயே.

என் பெட்டியின் முன்புறம் முழுவதும் கண்ணாடி. காற்று புக வழியில்லை. விசிறிகள் மூடிய சன்னலுக்கு முன் நின்று மூச்சிழுத்துக்கொண்டிருந்தன. மேலும் அந்த மூன்று விளக்கு விசிறிகளும் மதர்போர்டில் சேராமல், பவர் சப்ளையின் பெரிய நான்கு முனை இணைப்பில் நேரே கோக்கப்பட்டிருந்தன. அப்படிக் கோத்தால் 12 வோல்ட் முழுதும் எந்நேரமும் பாயும். விசிறி எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும். நான் கட்டுரை தட்டச்சு செய்தபோதும் அது கிரைண்டர்தான்.

ஆகவே கேபினட் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். முன்புறம் வலைத்தகடா? விசிறிகள் மதர்போர்டில் சேரும் வகையா? இரண்டுக்கும் “ஆம்” என்றால் விளக்கு இல்லாவிட்டாலும் வாங்கிவிடலாம். முன்னால் இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள, மூன்று போதும். உட்புறம் பஞ்சு ஒட்டிய பெட்டிகள் ஓசையை மறிக்கும்; கூடவே காற்றையும் மறித்தால் விசிறி வேகமெடுத்துக் கணக்கு நேராகிவிடும்.

பவர் சப்ளை 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரம், பெயர் தெரிந்த நிறுவனத்தினுடையது என்றால் நன்று. நம் கணிப்பொறி உண்பது 240 வாட் அளவு. அதாவது பாதிச் சுமை. பாதிச் சுமையில் அது 85 சதவீத அளவுக்குச் சிக்கனமாக இயங்குகிறது. அதன் விசிறியும் மெல்லவே ஓடும். மலிவான பவர் சப்ளை இரைவது மட்டுமல்ல, விடுதி மின்சாரம் ஏறி இறங்கும்போது மற்ற உறுப்புகளையும் கொண்டுபோய்விடக் கூடும்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராம் ஓசையற்றது, 8 ஜிபி இரண்டாகப் போட்டால் ஒற்றை 16 ஜிபியை விட வேகம் கிட்டும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி மட்டுமே போதும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் நள்ளிரவில் கறகறவென்று பேசும்.

நூறு ரூபாய்க் கணக்கு

விலைகள் நிலைத்து நிற்பதில்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் விலை ஏறியதைப் பலர் அறிவர். ஆகவே விலையைச் சொல்லாமல் பங்கைச் சொல்கிறேன். மானிட்டர் நீங்கலாகக் கையில் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு 38, பிராசசருக்கு 16, ராமுக்கு 12, மதர்போர்டுக்கு 11, எஸ்எஸ்டிக்கு 8, பவர் சப்ளைக்கு 7, பெட்டிக்கு 5, கூலருக்கு 3 என்று பிரிக்கலாம். ராம் விலை ஏறிய காலத்தில் கார்டின் பங்கிலிருந்து சிறிது எடுத்துக் கொடுங்கள். கடைசி மூன்றும் சேர்ந்து 15 ரூபாய். அந்தப் பதினைந்தில் மட்டும் கைவைக்காதீர். அது அறைத்தோழருடைய பங்கு.

பணமே போதவில்லையா? கார்டு இல்லாமல், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரோடு தொடங்கலாம். இலகுவான ஆட்டங்கள் அதில் ஓடும். நல்ல பெட்டியும் பவர் சப்ளையும் இருந்தால், உதவித்தொகை வந்த பிறகு கார்டைச் செருகிக்கொள்ளலாம்.

வடநாட்டுப் பருவம்

ஐரோப்பியர் எழுதும் குறிப்புகளில் அறை வெப்பம் 20 டிகிரி என்று கொள்வர். மே மாதத்தில் நம் அறை 38 டிகிரி. அறை 18 டிகிரி ஏறினால் சில்லும் ஏறத்தாழ அதே 18 டிகிரி ஏறும். ஆகவே அவர்கள் பரிந்துரைப்பதை விடக் கூலரில் ஒரு படி மேலே போதல் நமக்கு நலம்.

ஆனால் கோடையில் சீலிங் ஃபேன் போடும் சத்தத்தில் கணிப்பொறியின் சத்தம் கரைந்துவிடுகிறது. கடுங்குளிரிலோ அறையே குளிர்ந்திருப்பதால், நல்ல பெட்டியாயின் விசிறிகள் மெல்லவே ஓடும். உண்மையான சோதனை சீலிங் ஃபேனை நிறுத்தியும் குளிர் முழுதாக வராத நாள்களில். அது பெரும்பாலும் தேர்வுக்குப் படிக்கும் காலமாகவும் அமைந்துவிடுகிறது.

காசு செலவில்லாத வேலைகள்

வாங்கி முடிந்த பிறகு செய்ய வேண்டியவை சில உண்டு. திரை நொடிக்கு 60 படம் காட்டும் வகை என்றால், கார்டு 200 படம் வரைவது வீண். ஆட்டத்தின் அமைப்பில் 60 என்று எல்லை கட்டுங்கள். முகப்புப் பக்கத்தில் சும்மா நிற்கும்போது கூடக் கார்டு நூற்றுக்கணக்கில் வரைந்து ‘கீ’ என்று கத்துவதுண்டு. அது விசிறியின் ஓசை அன்று, மின்சுருள் அதிர்வது. எல்லை கட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

கார்டின் மின்வரம்பை 80 சதவீதமாகக் குறைத்தால் வேகம் சில சதவீதமே குறைகிறது. சில கார்டுகள் அவ்வளவு இறங்க விடா. அங்கே மின்னழுத்தத்தைச் சிறிது குறைக்கலாம். சில்லு உண்ணும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் 19 சதவீதம் குறையும். சிறிது சிறிதாகக் குறைத்து, ஆட்டம் நிலையாக ஓடுகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

பயோஸில் விசிறி வேகத்தைச் சீராக்குங்கள். ஒரே அளவான மெல்லிய ஓசையைக் காது விரைவில் மறந்துவிடும். ஏறி ஏறி இறங்கும் ஓசையை மறக்காது. சில்லு 75 டிகிரியில் இருப்பது பிழையன்று. அதை 60-க்குக் கொண்டுவர விசிறியை விரட்டுவது வீண் வேலை.

பெட்டியை மேசைமேல் காதருகே வைக்காமல் கீழே வையுங்கள். இரும்புக் கட்டிலையோ அலமாரியையோ தொட்டு நின்றால் அவையும் சேர்ந்து அதிரும். பழைய ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டிக் காலடியில் கொடுத்தால் அடங்கிவிடும். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். தில்லித் தூசி வலைத்தகட்டை அடைத்தால் செய்ததெல்லாம் பாழ்.

என் கணிப்பொறியை நான் ஒரே நாளில் மாற்றவில்லை. மாற்றப் பணமும் இல்லை. முதலில் விளக்கு விசிறிகளைக் கழற்றி, மதர்போர்டில் சேரும் விசிறிகளைப் போட்டேன். கண்ணாடி முகப்பைக் கழற்றிவிட்டு வலை பொருத்தினேன். அடுத்த மாதம் கூலர் வாங்கினேன். பிறகு பெரிய கார்டை விற்று, சிறிய கார்டுக்கு மாறினேன். பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள், தாழ்வாரத்திலிருந்த நாற்காலி அறைக்குள் திரும்பி வந்தது. அவர் அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

டெசிபல் அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது, தேவையும் இல்லை. தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: “கணிப்பொறியைக் கட்டி முடித்து, ஆட்டத்தைத் தொடங்கி, அரை மணி நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேள். பிறகு அவரிடமும் கேள். பரவாயில்லை என்று அவர் சொன்னால் நம்பிவிடாதே. அவருடைய நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்.”